ஹைப்போவில் கரையாத நிறம்

வெயிலிலிருந்து எடுத்துச் சட்டத்தைத் திறந்ததும் தெரியும் சால்ட் பிரிண்ட் (உப்பும் சில்வர் நைட்ரேட்டும் பூசிய காகிதத்தில் வெயிலால் பதியும் பழைய வகைப் படம்) அவ்வளவு அழகாக இருக்கும். நல்ல கத்திரிப்பூ நிறம். அதையே ஹைப்போவில் (வெயிலில் மாறாமல் மீந்த வெள்ளி உப்பைக் கரைத்துப் படத்தை நிலைக்க வைக்கும் கரைசல்) போட்டால் கண் முன்னாலேயே அந்த நிறம் கரைந்து செங்கல் பொடி மாதிரி ஆகிவிடும். இந்த வேலைக்கு வந்த புதிதில் அதைப் பார்க்கவே எனக்கு மனசு வராது.

அதனால்தான் ஹைப்போவுக்கு முன்னாலேயே தங்கம். 1 கிராம் தங்கக் குளோரைடை 100 மில்லி டிஸ்டில்டு வாட்டரில் கரைத்து வைத்துக்கொண்டு, அதில் கொஞ்சம் எடுத்து போராக்ஸ் தண்ணீரில் கலப்பேன். நகைக்கு முலாம் பூசுவது போல இது மேல்பூச்சு இல்லை. வெள்ளி வெளியேற, அந்த இடத்தில் தங்கம் உட்காருகிறது. ஒரு தங்க அணு ஏற மூன்று வெள்ளி அணு இறங்க வேண்டும். அப்படி ஏறிய நிறத்தை ஹைப்போ அவ்வளவு சுலபமாகக் கரைக்காது.

தங்கத்துக்கும் முன்னால் ஒரு தண்ணீர் வேலை இருக்கிறது. எங்கள் போர் தண்ணீர் உப்பு. பிரிண்டை அதில் இறக்கியதும் அரிசி களைந்த தண்ணீர் போலக் கலங்கும். காகிதத்தில் மீந்த சில்வர் நைட்ரேட் உப்போடு சேர்ந்து சில்வர் குளோரைடாகிறது. மூன்றாவது, நான்காவது தட்டில் தெளியும். தெளிவதற்குள் அவசரப்பட்டால் தங்கக் கரைசல் கெட்டுப்போகும். வெள்ளியோடு இரும்பு உப்பும் பூசிச் செய்யும் வான் டைக் பிரிண்டுக்கு இந்தத் தண்ணீரே ஆகாது. கடினத் தண்ணீர் இரும்பைக் காகிதத்திலேயே பிடித்து வைத்துவிடும். நாளாவட்டத்தில் மஞ்சள் படியும். அதற்கு முதல் தட்டில் ஒரு சிட்டிகை சிட்ரிக் அமிலம் போட்டுக்கொள்வேன்.

இவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்தும் ஒருமுறை தவறினேன். ஒரு குடும்பத்தில் அறுபதாம் கல்யாணம். தாத்தா பாட்டியின் பழைய படத்திலிருந்து 14 பிரிண்ட் கேட்டிருந்தார்கள். தேதி நெருங்கிவிட்டது. இரண்டு ஹைப்போ தட்டு வைக்க வேண்டிய இடத்தில் ஒன்றோடு நிறுத்தி, 14 பிரிண்டையும் அதிலேயே முக்கி எடுத்தேன். களைத்துப்போன ஹைப்போ வெள்ளியை முழுசாக வெளியே கொண்டுவராது. கரையாத ஏதோ ஒன்றாக அது காகிதத்துக்குள்ளேயே தங்கிவிடும். பிறகு கந்தகத்தோடு சேர்ந்து பழுப்பாகும். ஒரு மழைக்காலம் போனதும் அந்த அம்மா ஒரு பிரிண்டை எடுத்து வந்தார். பாட்டியின் வெள்ளைச் சேலை முழுக்க டீ கொட்டின மாதிரி மஞ்சள். "ஏன் தம்பி இப்படி ஆச்சு?" என்று மட்டும்தான் கேட்டார். கோபப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

இது பழைய வியாதிதான். படங்கள் ஏன் வெளுக்கின்றன என்று லண்டன் போட்டோகிராஃபிக் சொசைட்டி அமைத்த குழு 1855-லேயே சொல்லிவிட்டது: சரியாகக் கழுவாமல் ஹைப்போவை விட்டுவைப்பதுதான் முக்கியக் காரணம், தங்கம் ஏற்றுங்கள் என்று. சென்னை மாகாண அரசுக்காக 1858-இல் மதுரையையும் தஞ்சாவூரையும் படமெடுத்த லின்னேயஸ் டிரைப்பும் தன் பிரிண்டுகளுக்குத் தங்கம் ஏற்றினார். 160 வருடம் தாண்டியும் அந்தக் கோபுரங்கள் காகிதத்தில் நிற்கின்றன. நான் போட்டதோ ஒரு மழையைத் தாங்கவில்லை.

14 பிரிண்டையும் திரும்பப் போட்டேன். 10 சதவீத ஹைப்போவில் ஒரு சிட்டிகை சலவை சோடா, இரண்டு தட்டு, ஒவ்வொன்றிலும் ஐந்து நிமிடம். அப்புறம் ஹைப்போ சுலபமாகக் கழுவிப் போக 1 சதவீத சோடியம் சல்ஃபைட்டில் மூன்று நிமிடம், ஓடும் தண்ணீரில் அரை மணி நேரம். பருத்திக் காகிதம் தடிமன் என்பதால் இன்னும் கால் மணி நேரம் சேர்த்துக்கொண்டேன். கடைசியில் மொட்டைமாடிக்குப் போய் (அழுகின முட்டை நாற்றம், வீட்டுக்குள் முடியாது) ஈர ஓரத்தில் ஒரு சொட்டு சோடியம் சல்ஃபைடு. வெள்ளி மிச்சம் இருந்தால் அந்த இடம் பழுப்பாகும். சில நிமிடம் கழித்து ஒற்றி எடுத்தேன். காகிதம் வெள்ளையாகவே இருந்தது. அடுத்த பிரிண்டை எடுத்தேன்.