குற்றாலக் கறை

ஜனவரி 19, 2025, ஞாயிறு

மும்பை மாட்டுங்காவில் அத்தை பேரன் கல்யாணம். பந்தியில் சாம்பார் வாளி தூக்க வேண்டியிருந்ததால் கடிகாரத்தைக் கழற்றித் தோள்பையின் உள்ஜிப்பில் வைத்திருந்தேன். மூன்றாம் பந்தி முடிந்து வந்து பார்த்தால் பை இருக்கிறது, ஜிப் திறந்திருக்கிறது, கடிகாரம் இல்லை. பர்ஸை யாரும் தொடவில்லை. எடுத்தவனுக்கு எது என்னவென்று தெரிந்திருக்கிறது. அந்த அறைக்கு நாற்பது பேராவது வந்து போயிருப்பார்கள், யாரை என்று கேட்பது? அத்தையிடம் மூச்சு விடவில்லை.

அப்பாவின் ஓமேகா கான்ஸ்டலேஷன் அது. 1966-இல் கப்பலில் வேலை பார்த்தபோது சிங்கப்பூரில் வாங்கியது.

ஜனவரி 20, திங்கள்

காவல் நிலையத்தில் முதல் கேள்வியே பில். 1966-ஆம் வருட பில்லுக்கு நான் எங்கே போவேன்? ‘காணாமல் போனது’ என்று எழுதிக் கொடுங்கள், வேலை சுலபம் என்றார்கள். அவர்களுக்குச் சுலபம். அப்படி எழுதினால் கையில் ஒரு சீட்டு வரும், யாரும் தேட மாட்டார்கள். இரண்டரை மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்து, தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 303-ஆம் பிரிவில் திருட்டு என்றே பதிய வைத்தேன். எஃப்ஐஆர் நகலை இலவசமாகத் தர வேண்டும் என்பது சட்டம். அதையும் கேட்டுத்தான் வாங்கினேன்.

ஜனவரி 21, செவ்வாய்

குர்லா அண்ணனுக்குப் போன் செய்தேன். ரயில்வேயில் ஓய்வு பெற்றவர், வீடு நிறையப் பழைய கடிகாரம். முழுசாகக் கேட்டுவிட்டு, “தம்பி, மெஷின் போட்டோ இருக்கா?” என்றார். மெஷின் என்றால் கடிகாரத்தின் உள்ளே ஓடும் இயந்திரம்.

இருந்தது. 2022-இல் சர்வீஸ் முடிந்து பின்மூடியை மூடும் முன் ஆசைக்கு எடுத்தது. செம்பு நிற மெஷின், 561 என்ற எண், அதன் மேல் 22-இல் தொடங்கும் எட்டு இலக்க சீரியல். மூடியின் உள்பக்கம் ரிப்பேர்காரர்கள் ஊசியால் கீறிய குறிகள் மூன்று. ஒவ்வொரு சர்வீஸுக்கும் ஒன்று.

அதைவிட முக்கியம் டயல். இந்த மாடலில் டயல் தட்டையாக இருக்காது. கவிழ்த்த தட்டு மாதிரி, ஓரம் பன்னிரண்டு பட்டைகளாகச் சரியும். எங்களுடையதில் ஏழுக்கும் எட்டுக்கும் நடுவே மிளகளவு பழுப்புக் கறை. அப்பா குற்றால அருவியில் கடிகாரத்தோடு குளித்த பலன். சர்வீஸின்போது, புது பெயின்ட் அடித்துப் பளபளவென்று தருகிறேன் என்று ரிப்பேர்காரர் சொன்னார். நானும் தலையாட்டிவிட்டேன். குர்லா அண்ணன்தான் போனிலேயே கத்தி நிறுத்தினார்.

பழைய கடிகாரம் சேகரிப்பவர்கள் குழுவில் டயல் படத்தை மட்டும் போடச் சொன்னார். சீரியலின் கடைசி மூன்று எண்களை வெளியே விடக் கூடாதாம். எல்லோருக்கும் தெரிந்துவிட்டால் பிறகு அதை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. சன்மானத் தொகையும் எழுதக் கூடாது.

ஜனவரி 25, சனி

பழைய பொருள் விற்கும் சோர் பஜார், மட்டன் தெரு. வெள்ளிக்கிழமை கடைகள் மூடியிருக்கும் என்பதால் இன்று. நாலு மணி நேரம் நடந்ததில் பார்த்ததெல்லாம் ‘மும்பை ஸ்பெஷல்’தான். வெளிநாட்டு சேகரிப்பாளர்கள் வைத்த பெயர் இது. பழைய மெஷின், எங்கிருந்தோ வந்த கேஸ் (வெளிக்கூடு), கிளிப்பச்சையிலும் ஆரஞ்சிலும் புதிதாக அச்சடித்த டயல். நம்முடையதும் இப்படி ஆகியிருந்தால், எதிரே வைத்தாலும் எனக்கு அடையாளம் தெரியாது. அன்றிரவு தூக்கம் வரவில்லை.

ஜனவரி 31, வெள்ளி

ஒருவன் போன் செய்தான். கடிகாரம் அவனிடம் இருக்கிறதாம், முன்பணம் ஐயாயிரம் அனுப்ப வேண்டுமாம். பின்மூடியைத் திறந்து உள்பக்கப் படம் அனுப்பு என்றேன். அதோடு சரி.

பிப்ரவரி 8, சனி

புனே டாக்டர் ஒருவர், நான் முகம் பார்த்தறியாதவர், குர்லா அண்ணனைக் கூப்பிட்டிருக்கிறார். தென் மும்பையில் ஒரு வியாபாரி அவருக்கு ஒரு கான்ஸ்டலேஷனை விலை பேசி அனுப்பிய படத்தில், ஏழுக்கும் எட்டுக்கும் நடுவே மிளகு!

டாக்டர் அலட்டிக்கொள்ளவில்லை. “மெஷினைப் பார்க்காமல் வாங்குவதில்லை” என்று மட்டும் சொன்னாராம். எந்த சேகரிப்பாளரும் கேட்பதுதான், சந்தேகம் வராது. மெஷின் படம் வந்தது. எட்டு எண்ணும் ஒன்றே.

பேசாமல் பணத்தைக் கொடுத்து வாங்கிவிடலாமா என்று ஒரு மணி நேரம் யோசித்தேன். மறைப்பானேன். “நம்ம பொருளை நாமே எதுக்குடா வாங்கணும்?” என்று அண்ணன் ஒரு அதட்டல் போட்டார். திருடனிடமிருந்து வாங்கியவன், நல்லெண்ணத்தோடே வாங்கியிருந்தாலும், அதற்குச் சொந்தக்காரனாக மாட்டான் என்பதும் சட்டத்தில் இருக்கிறது.

பிப்ரவரி 10, திங்கள்

இரண்டு போலீஸ்காரர்கள், கைப்பற்றுவதைப் பார்த்துக் கையெழுத்திட இரண்டு பஞ்ச் சாட்சிகள், 2022-இல் சர்வீஸ் செய்த மாட்டுங்கா ரிப்பேர்காரர், நான். கடைக்காரர், கடிகாரம் கைமாறி வந்து சேர்ந்த மூன்றாவது ஆள். யாரிடம் வாங்கினார் என்பதை எழுதிக்கொண்டார்கள். கடைக்காரர் மூடியைத் திறப்பதற்கு முன்பே உள்ளே இருக்கும் மூன்று கீறல்களையும் நம் ரிப்பேர்காரர் தாளில் வரைந்து கொடுத்துவிட்டார். திறந்தார்கள். மூன்றாவது அவரே கீறியது!

பஞ்சநாமா (சாட்சிகள் முன் கைப்பற்றியதற்கான குறிப்பு) எழுதி, உறையில் போட்டு, அரக்கு சீல் வைத்தார்கள். இனி அது ‘முத்தேமால்’, அதாவது வழக்குச் சொத்து. இருபது நாள் தேடிய பொருளைக் கையால் தொடக்கூட விடவில்லை.

மார்ச் 6, வியாழன்

வக்கீல், குற்ற நடைமுறைச் சட்டமான நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 503-ஆம் பிரிவின் கீழ் மனு போட்டிருந்தார். பிடிபட்ட பொருளைத் தேவைக்கு மேல் காவல் நிலையத்தில் வைத்திருக்க வேண்டாம், படமெடுத்து, பஞ்சநாமா எழுதி, பத்திரம் வாங்கிக்கொண்டு உரியவரிடம் கொடுங்கள் என்று உச்ச நீதிமன்றம் 2002-இலேயே, சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில் சொல்லியிருக்கிறது. இருந்தும் மூன்று வாய்தா. வழக்கு முடியும்வரை விற்க மாட்டேன், கேட்கும்போது கொண்டு வருவேன் என்று எழுதிக் கொடுத்து வாங்கினேன்.

எவனோ கேஸுக்குப் பாலிஷ் போட்டிருக்கிறான். கூராக இருந்த ஓரங்கள் சோப்புக்கட்டி மாதிரி வழுவழுத்துவிட்டன. எட்டு நட்சத்திரங்களும் வானாய்வுக்கூடமுமாக இருந்த பின்மூடிப் பதக்கமும் கொஞ்சம் மங்கல். டயலைத் தொடவில்லை. ரிப்பேர்காரர் எண்ணெய் போட்டு, தேதியோடு நாலாவது குறியைக் கீறிக் கொடுத்தார். காசு வாங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை செம்பூரில் ஒரு நிச்சயதார்த்தம். “எதைக் கட்டிக்கிட்டு வரப் போறீங்க?” என்று வீட்டில் கேட்டாள். எச்எம்டி ஜனதாவுக்கு இப்போதே சாவி கொடுத்து வைத்திருக்கிறேன்.