பன்னிரண்டு வாரம்

உயர் நீதிமன்றத்தில் ரிட் பக்கம், அதாவது அரசு அதிகாரிகள்மேல் போடும் வழக்குகளின் பக்கம், வேலைக்கு வரும் ஜூனியருக்கு முதலில் பழகுவது ‘டைரக்‌ஷன் ஆர்டர்’தான். கட்சிக்காரர் ஏதோ ஓர் அதிகாரிக்கு மனு கொடுத்திருப்பார், பதில் வந்திருக்காது. அரசியல் சட்டத்தின் 226-வது பிரிவில் மாண்டமஸ், அதாவது அதிகாரி தன் கடமையைச் செய்ய வேண்டும் என்ற உத்தரவு, கேட்டு வழக்குப் போடுவோம். இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். ‘வழக்கின் தகுதிக்குள் போகாமல், மனுவைச் சட்டப்படி பரிசீலித்து, பன்னிரண்டு வாரங்களுக்குள் உத்தரவு பிறப்பிக்கவும்.’ கேட்டது சரியா தவறா என்று நீதிமன்றம் பார்க்காது. அடுத்த வழக்கு.

நான் தனியாக நின்று வாங்கிய முதல் ஆர்டரும் அதுதான். விழுப்புரம் பக்கத்துப் பெரியவர் ஒருவர், வீட்டுமனைப் பட்டா கேட்டு மூன்று வருடம் தாலுகா அலுவலகத்துக்கு நடந்தவர். வராந்தாவில் என் கையைப் பிடித்துக்கொண்டார். “ஜட்ஜய்யா பட்டா குடுக்கச் சொல்லிட்டாரா தம்பி?” நான் தலையை ஒரு மாதிரி ஆட்டினேன். அவர் ஆமாம் என்று எடுத்துக்கொண்டார். அதைத் திருத்தாமல் விட்டது இன்றைக்கும் உறுத்துகிறது.

பன்னிரண்டு வாரம் பதினாறானது. நீதிமன்ற அவமதிப்பு மனு போட்டோம். விசாரணைக்கு முந்தின நாள் தேதியிட்டு அரைப் பக்க உத்தரவு வந்தது: இடம் ஓடைப் புறம்போக்கு, கோரிக்கை நிராகரிக்கப்படுகிறது. பரிசீலிக்கச் சொன்னார்கள், பரிசீலித்தாகிவிட்டது. அவமதிப்பு மனு முடித்துவைக்கப்பட்டது.

எனக்கு நீதிபதி மேல்தான் கோபம். கிராம நிலக் கணக்கான ‘அ’ பதிவேட்டு நகலில் கிராம நத்தம், அதாவது குடியிருப்பு நிலம், என்றிருக்கிறதே, பட்டா கொடு என்று ஒரு வரி எழுதியிருக்கக் கூடாதா? சீனியர் வழக்குக் கட்டைக் கட்டிக்கொண்டே கேட்டார், “இடத்த அளக்க அவர்கிட்ட சங்கிலி இருக்காய்யா?” அப்புறம், “நாளைக்குப் பக்கத்து மனைக்காரன் வந்து ஓடைதான்னு நின்னா யார் போய்ப் பாக்கறது?”

சரி. ஆனால் அந்த அரைப் பக்கம்தான் பிறகு கைகொடுத்தது. மூன்று வருடம் வாய் திறக்காத அலுவலகம் இப்போது காரணம் எழுதியிருந்தது. காரணம் இருந்தால் அதை எதிர்க்கலாம். இரண்டாவது ரிட்டில், பதிவேட்டுக்கும் உத்தரவுக்கும் பொருத்தமில்லை என்று உத்தரவு ரத்தானது. அப்போதும் நீதிமன்றம் பட்டா கொடுக்கவில்லை. நேரில் அளந்து புதிதாக முடிவெடுக்கச் சொல்லித் திருப்பி அனுப்பியது.

டைரக்‌ஷன் ஆர்டருக்குக் கெட்ட பெயரும் உண்டு. 1982-ல் வேலை போன ஒரு தமிழ்நாட்டு ஊழியர் 2000-ல் மனு கொடுத்து, அதைப் பரிசீலிக்க உத்தரவும் வாங்கினார். செத்துப்போன கோரிக்கைக்கு இப்படி உயிர் வராது என்று 2008-ல் உச்ச நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது.

2025 ஏப்ரல் 8 அன்று, தமிழ்நாட்டு ஆளுநர் கிடப்பில் வைத்திருந்த 10 மசோதாக்களும் ஒப்புதல் பெற்றதாகவே கருதப்படும் என்று உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் முழு நீதி வழங்க அதிகாரம் தரும் 142-வது பிரிவைப் பயன்படுத்தித் தீர்ப்பளித்தார்கள். சேம்பரில் ஒரே சந்தோஷம், எனக்கும்தான். ஆனால் வீடு திரும்பும்போது சீனியரின் சங்கிலி ஞாபகம் வந்தது. ஆளுநர் போட வேண்டிய கையெழுத்தை நீதிமன்றமே போட்டதுபோல் ஆகிவிட்டதே. இன்னொரு நாள் வேறொரு நீதிமன்றம் நமக்குப் பிடிக்காத மசோதாவுக்கும் அதைச் செய்தால்?

நவம்பரில், அந்தத் தீர்ப்பையொட்டிக் குடியரசுத் தலைவர் கேட்டிருந்த 14 கேள்விகளுக்கு உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் கருத்துரை சொன்னார்கள். கருதப்படும் ஒப்புதல் கிடையாது, நீதிமன்றம் காலக்கெடுவும் விதிக்க முடியாது. காரணமில்லாமல் நீண்டகாலம் சும்மா இருந்தால் மட்டும், தகுதிக்குள் போகாமல், நியாயமான காலத்துக்குள் செயல்படச் சொல்லலாம் என்றார்கள். படித்துவிட்டுச் சிரித்துவிட்டேன். நம்ம டைரக்‌ஷன் ஆர்டரேதான், வாரக் கணக்கு மட்டும் இல்லை. ஆனால் பெரியவருக்கு இரண்டாவது ரிட் இருந்தது. ஆளுநரின் முடிவு சரியா தவறா என்று நீதிமன்றம் பார்க்காது என்பதால், ஒரு மாநிலத்துக்கு அந்த இரண்டாவது படி இல்லை. ஏப்ரல் தீர்ப்பு அதிகம் என்று நினைத்த எனக்கே இது குறைவாகப் படுகிறது.

இப்போதெல்லாம் கட்சிக்காரரிடம் வக்காலத்தில் கையெழுத்து வாங்கும்போதே சொல்லிவிடுகிறேன்: கோர்ட்டு பட்டா தராது, அவர்களைப் பதில் சொல்லத்தான் வைக்கும். போன வாரம் வந்த அம்மா பேனாவை எடுக்காமலே கேட்டார், “பன்னண்டு வாரத்துக்கு மேல ஆனா சார்?”