நஞ்சுக்கொடியும் சேனையும்

பிரசவத்தின் மூன்றாம் கட்டத்தில் வெளிவரும் நஞ்சுக்கொடி முழுமையாக இருக்கிறதா என்று சோதித்துவிட்டு, மருத்துவக் கழிவுக்கான மஞ்சள் நிறப் பையில் போட வேண்டும் என்று செவிலிய மாணவிகளுக்கு ஆண்டுதோறும் சொல்லி வருகிறேன். நியூசிலாந்தின் மாவோரி மொழியில் இந்த உறுப்புக்கும் நிலத்துக்கும் 'ஃபெனுவா' என்ற ஒரே சொல்தான் வழங்குகிறது. அதைத் தங்கள் மண்ணிலேயே புதைப்பது அம்மக்களின் மரபு. நம் ஊர்களிலும் வீட்டுப் பிரசவக் காலத்தில் அதை மண்ணில்தான் புதைத்தார்கள். ஆனால் பெயரில் நஞ்சை வைத்திருக்கும் நமக்கு, மருத்துவமனை அதைக் கழிவாக அகற்றும்போது எதுவும் உறுத்துவதில்லை. மாவோரித் தாய்க்கு அது உறவை அறுப்பதற்குச் சமம்.

1988இல் கிறைஸ்ட்சர்ச் நகரில் நடந்த கூட்டம் ஒன்றில் ஒரு மாவோரி செவிலிய மாணவி எழுந்து, சட்டப் பாதுகாப்பு, நெறிமுறைப் பாதுகாப்பு, சிகிச்சைப் பாதுகாப்பு என்றெல்லாம் பேசுகிறீர்களே, பண்பாட்டுப் பாதுகாப்பு எங்கே என்று கேட்டார். நோயாளியின் பண்பாட்டைக் காயப்படுத்தாத பராமரிப்பு என்ற பொருளில் அக்கேள்வியை ஒரு கல்விக் கோட்பாடாக வளர்த்தெடுத்தவர் இரிஹாபெட்டி ராம்ஸ்டன் என்ற மாவோரி செவிலியர். 1992இல் அந்நாட்டு நர்சிங் கவுன்சில் அதைப் பாடத்திட்டத்தில் கட்டாயமாக்கியது. பத்திரிகைகளில் பெரும் எதிர்ப்பு கிளம்பி, 1995இல் நாடாளுமன்றக் குழு விசாரிக்கும் அளவுக்கு விவகாரம் முற்றியபோதும் ராம்ஸ்டன் பின்வாங்கவில்லை.

அவருக்கு முன்பே அமெரிக்காவில் மேடலின் லைனிங்கர் என்ற செவிலியப் பேராசிரியர், செவிலியர் பிற சமூகங்களின் வழக்கங்களை மானுடவியலாளரைப் போலக் கற்க வேண்டும் என்று எழுதியிருந்தார். ராம்ஸ்டன் பார்வையைத் திருப்பிவிட்டார். நோயாளியின் சடங்குகளை மனப்பாடம் செய்வதைவிட, செவிலியர் தம் சொந்தப் பண்பாட்டையும் தம் கையில் இருக்கும் அதிகாரத்தையும் உணர்வதே முதன்மை என்றார். அளிக்கப்பட்ட பராமரிப்பு பாதுகாப்பானதா என்று தீர்மானிக்கும் உரிமை அதைப் பெற்றவருக்கே உண்டு என்றார். நான் இருவரையும் கற்பிக்கிறேன் என்றாலும், நம் வார்டுகளுக்கு ராம்ஸ்டன்தான் அதிகம் தேவைப்படுகிறார் என்பது என் எண்ணம்.

காரணம், நம் பாடத்திட்டத்தில் முதல் பருவத்திலேயே சமூகவியல் இருந்தும், மாணவிகள் அதிலிருந்து எடுத்துக்கொள்வது பெரும்பாலும் ஓர் அட்டவணையைத்தான்: இந்த மதத்தார் இதை உண்ணார், அந்தச் சமூகத்தார் அதைச் செய்வர். ('கல்ச்சுரல் காம்பிடென்ஸ்' என்பதற்கான 'கலாச்சாரத் திறன்' என்ற மொழிபெயர்ப்பே, ஊசி போடுவதைப் போல அதையும் பழகித் தேர்ந்துவிடலாம் என்று நினைக்க வைக்கிறது.) அந்த அட்டவணையை வரைந்து வரும்படி நானே பல ஆண்டுகள் பணித்திருக்கிறேன்.

பிரசவத்துக்குப் பின்னான ஒரு வார்டில் மாணவிகளுடன் இருந்தபோது, பிறந்த குழந்தையின் நாவில் சேனையாகச் சர்க்கரைத் தண்ணீர் தொட்டுவைக்கத் தயாரான பாட்டியின் கையைத் தட்டிவிட்டு, "அறிவு இருக்கா உனக்கு?" என்று ஒரு செவிலியர் கத்தினார். மருத்துவம் அவர் பக்கம்தான்: ஆறு மாதம் வரை தாய்ப்பால் தவிர வேறெதுவும் கூடாது, சீம்பாலுக்கு முன் எதையும் புகட்டக் கூடாது. ஆனால் அறுபது வயதுப் பெண்ணை 'நீ' என்று அழைக்க எந்தப் பாடநூல் அவருக்கு அனுமதி தந்தது? தனி அறை நோயாளியின் தாயார் அதையே செய்திருந்தால், "அம்மா, வேண்டாங்க" என்றுதான் அவர் வாயில் வந்திருக்கும். ராம்ஸ்டன் அதிகாரம் என்று பக்கம் பக்கமாக விளக்கியதைத் தமிழ் ஒரே பிரதிப்பெயரில் காட்டிக்கொடுத்துவிடுகிறது.

பின்னர் நான் அந்தப் பாட்டியின் அருகில் உட்கார்ந்து, யார் கையால் சேனை வைப்பதாக இருந்தீர்கள் என்று கேட்டேன். சேனை வைப்பவரின் குணம் குழந்தைக்கு வரும் என்பது நம்பிக்கை. அதனால்தான் ஊரில் நல்லவர் என்று பெயரெடுத்த ஒருவரைத் தேடுவார்கள். குழந்தையின் தாத்தா வெளியூர் போயிருந்ததால், அவர் கையால் சர்க்கரையைத் தொட்டு வாங்கி மடித்து வைத்திருந்தார். அந்தப் பொட்டலத்தை ஆறு மாதம் கழித்து முதல் சோறு ஊட்டும்போது எடுப்பது என்றும், சேனைக்குப் பதிலாக அப்போதே பாட்டியே குழந்தையைத் தூக்கித் தாயின் மார்பில் வைப்பது என்றும் பேசி முடித்தோம். வீட்டுக்குப் போனபின் பொட்டலத்தைப் பிரித்தாரா என்பதை நான் கேட்டறியவில்லை. பூண்டும் பால்சுறாவும் சேர்ந்த அவருடைய பத்தியச் சமையலை நாங்கள் தொடவில்லை. தாய்க்குத் தண்ணீரைக் குறைக்கும் வழக்கத்துக்கு மட்டும் சுக்கு வெந்நீரை மாற்றாக வைத்தோம்.

இப்போது அட்டவணை வரையச் சொல்வதில்லை. மாணவிகள் தாங்கள் பிறந்தபோது வீட்டில் என்னென்ன செய்தார்கள் என்று அம்மாவிடம் கேட்டு எழுதி வர வேண்டும். சென்ற முறை, அந்தப் பாட்டியின் செயலை 'மூடநம்பிக்கை' என்று குறிப்பேட்டில் எழுதியிருந்த மாணவி, தனக்குச் சேனை வைத்தவர் பள்ளித் தலைமையாசிரியையாக இருந்த தன் பெரியம்மாதான் என்று சற்றுத் தயங்கியபடி வாசித்தாள். வகுப்பில் பாதிப் பேருக்கு மேல் சேனை வைக்கப்பட்டிருந்தது.