போர்ட் வேறு, வீலேன் வேறு

கம்ப்யூட்டர்களைக் கேபிளால் இணைக்கும் ஒரே சுவிட்சைப் பல தனி நெட்வொர்க்குகளாகப் பிரிப்பதுதான் வீலேன் (VLAN). சுவிட்ச் படம் வரைந்து, 1 முதல் 8 வரை போர்ட்டுகளுக்கு நீலம், 9 முதல் 16 வரை பச்சை என்று வண்ணம் தீட்டி, நீலம் வீலேன் 10, பச்சை வீலேன் 20 என்றுதான் எனக்கும் சொல்லிக்கொடுத்தார்கள். தப்பில்லை. ஆனால் அந்தப் படம் மண்டையில் ஏறிவிட்டால், ஒரே கேபிளில் ரெண்டு வீலேன் எப்படிப் போகும் என்று கேட்கும் இடத்தில் முட்டிக்கொண்டு நிற்போம். நான் பல மாதம் நின்றேன்.

போர்ட் வெறும் வாசல். வீலேன் என்பது உள்ளே வந்த தரவுத் துண்டை, அதாவது ஃபிரேமைப் பற்றிச் சுவிட்ச் வைத்துக்கொள்ளும் கணக்கு. உள்ளே வருவதை எந்த வீலேனில் சேர்ப்பது, வெளியே போவதை டேக்கோடு (வீலேன் எண் எழுதிய சீட்டு) அனுப்புவதா இல்லாமலா, இந்த ரெண்டையும் வாசலில் முடிவு செய்துவிட்டால் போதும். கம்ப்யூட்டர் செருகும் ஆக்சஸ் போர்ட்டில் ஃபிரேம் டேக் இல்லாமல் வருகிறது, சுவிட்ச் அதை 10 என்று எடுத்துக்கொள்கிறது, பதிலும் டேக் இல்லாமலே திரும்புகிறது. தான் எந்த வீலேனில் இருக்கிறோம் என்பதே கம்ப்யூட்டருக்குத் தெரியாது. பல வீலேன்களை ஒரே கேபிளில் சுமக்கும் ட்ரங்க்கில் மட்டும் ஃபிரேமுக்குள், அனுப்பிய கருவியின் முகவரியான சோர்ஸ் மேக் முகவரியை அடுத்து, 4 பைட் டேக் நுழைகிறது. அதில் வீலேன் எண்ணுக்கு 12 பிட். 0, 4095 ரெண்டும் ஒதுக்கப்பட்டவை, மிச்சம் 4094.

இந்த ரெண்டு முடிவும் தனித்தனி என்பது வெப் பக்கம் வழியாக அமைக்கும் சில சுவிட்சுகளில் அப்பட்டமாகத் தெரியும். 5-ஆம் போர்ட்டை வீலேன் 20-இல் அன்டேக்டு (டேக் இல்லாமல் வெளியே அனுப்பு) என்று போட்டு, வீலேன் 1-இலிருந்து எடுத்தும் விட்டேன். டேக் இல்லாமல் உள்ளே வருவதை எந்த வீலேனில் சேர்ப்பது என்று சொல்லும் பிவிஐடி மட்டும், வேறொரு பக்கத்தில், பழைய 1 ஆகவே கிடந்தது. லேப்டாப்பில், வந்து போவதைப் பிடித்துக் காட்டும் பாக்கெட் கேப்சர் ஓடவிட்டால் வீலேன் 20-இன் ஏஆர்பி பிராட்காஸ்ட் (எல்லோருக்கும் போகும் முகவரி விசாரிப்பு) எல்லாம் ஜோராக வந்து விழுகிறது, ஆனால் நான் அனுப்புகிற எதற்கும் பதில் இல்லை, ஐபியும் கிடைக்கவில்லை. வெளியே வருவது 20-இலிருந்து, உள்ளே போவது 1-இல். (உள்ளே வருவதைச் சோதிக்கும் இன்கிரஸ் ஃபில்டர் போட்டிருந்தால் வாசலிலேயே கொட்டிவிடும்.) கேபிளை மூன்று முறை மாற்றிய பிறகுதான் அந்த இன்னொரு பக்கத்தைத் திறந்து பார்த்தேன். ஒரே விஷயத்துக்கு ரெண்டு பக்கம் வைத்தவரை என்ன சொல்வது!

சரி, அப்போ வீலேனுக்கும் போர்ட்டுக்கும் சம்பந்தமே இல்லையா? அப்படியும் இல்லை. வீலேன்களுக்கு இடையே வழிகாட்டவும் செய்யும் ஒரு லேயர் 3 சுவிட்சில் வீலேன் 30 உருவாக்கி, அதன் இன்டர்ஃபேஸுக்கு ஐபியும் கொடுத்தேன், டவுன் என்றே காட்டிக்கொண்டிருந்தது. காரணம், அந்த வீலேனைச் சுமக்கும் உயிருள்ள போர்ட் ஒன்றுகூட அதில் இல்லை. ஆக்சஸ் போர்ட் எதையும் 30-இல் போடவில்லை, ட்ரங்க்கின் அனுமதிப் பட்டியலிலும் 10, 20 மட்டும்தான். சரிசெய்கிறேன் என்று, தூரத்திலிருந்து வீலேன் 10 வழியாக உள்ளே நுழைந்திருந்த நான், ‘ஸ்விட்ச்போர்ட் ட்ரங்க் அலவ்டு வீலேன் 30’ என்று அடித்து என்டர் தட்டினேன். நடுவில் ‘ஆட்’ என்ற சொல் விட்டுப்போயிற்று. பட்டியலில் சேர்ப்பதற்குப் பதிலாக, பட்டியலே 30 மட்டும் என்றாகிவிட்டது. நான் நுழைந்திருந்த 10 அறுந்துபோய், திரை அப்படியே உறைந்தது. சுவிட்சில் நேரடியாகச் செருகும் கன்சோல் கேபிளைத் தூக்கிக்கொண்டு ஓடிப்போய்ச் செருகிப் பார்த்தால், வீலேன் 30 ஜம்மென்று அப்.