கிரிஸ்டலை மாற்றுவதற்கு முன்

பழைய ஃப்ரீக்வென்சி கவுன்ட்டர் (ஒரு சிக்னல் நொடிக்கு எத்தனை முறை துடிக்கிறது என்று எண்ணும் கருவி) தப்பாகக் காட்டுகிறது என்று சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் போய்ச் சொன்னால் "கிரிஸ்டல் போயிருக்கும் சார், மாத்திடுங்க" என்பதுதான் முதல் பதில். கிரிஸ்டல் என்பது கருவிக்குச் சீரான துடிப்பைத் தரும் குவார்ட்ஸ் துண்டு. என்னிடம் இருப்பது எழுபதுகளின் சரக்கு, உள்ளே முழுக்க 74 வரிசை டிடிஎல் (5 வோல்ட்டில் ஓடும் பழைய டிஜிட்டல் வகை) ஐசிக்கள். 1 மெகாஹெர்ட்ஸ் கொடுத்தால் எப்போதும் அதற்கு மேலேதான் காட்டியது, அதுவும் ஒவ்வொரு முறையும் வேறு வேறு எண். வயசான கிரிஸ்டல் பத்து லட்சத்தில் சில பங்கு நகரும், அவ்வளவுதான். இப்படிச் சதவீதக் கணக்கில் துள்ளாது.

இதற்குள் நடப்பது எளிமையானது. கிரிஸ்டல் தரும் 10 மெகாஹெர்ட்ஸ் துடிப்பை, அதாவது கிளாக்கை, வரிசையாக ஏழு 7490 ஐசிக்கள் பத்துப் பத்தாக வகுத்து ஒரு நொடியை உண்டாக்கும், அந்த ஒரு நொடி கேட் திறந்திருக்கும்போது உள்ளே வரும் பல்ஸ்களை எண்ணிக் காட்டும். முன்பக்கத்தில் 'செக்' என்று ஒரு சுவிட்ச் உண்டு, அதைப் போட்டால் தன் 10 மெகாஹெர்ட்ஸையே எண்ணும். கிரிஸ்டல் எவ்வளவு விலகியிருந்தாலும் இதில் 10000000 என்றே வரும், கடைசி இலக்கம் ஒன்று முன்னே பின்னே போகலாம். தராசு தன்னைத் தானே எடை போட்டுக்கொள்கிற மாதிரி. ஆனால் என் கவுன்ட்டர் இதிலும் கூடுதலாகக் காட்டியது. அப்படியென்றால் வகுக்கும் ஐசி சில பல்ஸ்களைத் தவறவிடுகிறது, அதன் 'ஒரு நொடி' நீண்டுவிடுகிறது, எண்ணிக்கை ஏறுகிறது. கிரிஸ்டலைத் தொட வேண்டியதே இல்லை.

5 வோல்ட் சப்ளை சரியாக இருந்தது, அதில் மிஞ்சும் 100 ஹெர்ட்ஸ் ஏற்ற இறக்கமும் (ரிப்பிள்) பெரிதாக இல்லை. போர்டைத் தட்டிப் பார்த்தும் மாற்றம் இல்லை. அப்புறம் அலையைத் திரையில் காட்டும் ஆசிலாஸ்கோப். அதன் புரோப்பை (தொட்டு அளக்கும் முனை) 10எக்ஸில், அதாவது சிக்னலைப் பத்தில் ஒரு பங்காக்கி வாங்கும் நிலையில் வைத்துத்தான் பார்க்க வேண்டும், 1எக்ஸில் வைத்தால் அதன் நூறு பிகோஃபாரட் சுமையே இந்த மாதிரி கிளாக்கைப் படுக்க வைத்துவிடும், அப்புறம் இல்லாத கோளாறைத் துரத்திக்கொண்டிருப்போம். முதல் 7490-இன் உள்ளீட்டில் அலை சோம்பலாக ஏறி 2 வோல்ட்டைத் தொட்டும் தொடாமலும் திரும்பியது. டிடிஎல்லுக்கு 'ஹை' என்று உறுதியாகத் தெரிய அந்த 2 வோல்ட் வேண்டும்.

காரணம், கிளாக்கை வாங்கி அனுப்பும் டிரான்சிஸ்டரின் கலெக்டர் ரெசிஸ்டர். பழைய கார்பன் காம்போசிஷன் வகை, ஈரத்தை உறிஞ்சி மதிப்பு ஏறும், நம்ம ஊர்க் கடல்காற்றில் கேட்கவே வேண்டாம். ஒரு காலைக் கழற்றி அளந்தால் 1 கிலோ ஓம் இருக்க வேண்டியது கிட்டத்தட்ட இரண்டு. 10 மெகாஹெர்ட்ஸில் அரைச் சுற்று வெறும் 50 நானோசெகண்ட், அதற்குள் அவ்வளவு பெரிய ரெசிஸ்டர் வழியாக மின்னழுத்தம் ஏறி முடிவதில்லை. மெட்டல் ஃபிலிம் ஒன்று போட்டதும் அலை நிமிர்ந்தது, செக்கில் 10000000 அசையாமல் நின்றது.

சரி, கிரிஸ்டல் உண்மையிலேயே 10 மெகாஹெர்ட்ஸா? அதற்கு ஜிபிஎஸ் மாட்யூலின் நொடிக்கொரு பல்ஸை எடுத்து பீரியட் மோடில் கொடுத்தேன், இரண்டு பல்ஸுக்கு இடையில் தன் கிளாக் எத்தனை முறை துடிக்கிறது என்று எண்ணும் மோட் அது. 10000010 என்று வந்தால் கிளாக் 10 ஹெர்ட்ஸ் வேகம், அதாவது பத்து லட்சத்தில் ஒரு பங்கு. கிரிஸ்டலின் வேகத்தைச் சற்றே மாற்றும் ட்ரிம்மரைத் திருப்பும் முன் மூடியைப் போட்டு, மின்விசிறியை நிறுத்தி, நன்றாகச் சூடாக விடுங்கள். பிளாஸ்டிக் ஸ்க்ரூடிரைவர்தான் வேண்டும், உலோகம் பக்கத்தில் போனாலே எண் நகரும்.