ஒரே பெட்டி, பன்னிரண்டு கத்தி

பாம்பனில் என் தாய்மாமா நடத்தும் மீன்பிடி சாமான் கடையில் கத்திக்கென்று தனி அலமாரி கிடையாது. கயிற்றுச் சுருளுக்கும் ஈயக்குண்டு டப்பாவுக்கும் நடுவே ஒரு பழைய பிஸ்கட் தகரம் இருக்கும். மடக்குக் கத்தியெல்லாம் அதற்குள்தான். அம்பத்தூரில் ஒரு தொழிற்சாலையில் ஆறு வருடம் இன்ஸ்பெக்‌ஷன் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவன் நான். நுணுக்கமாக அளக்கிற வெர்னியரும், இடைவெளி பார்க்கிற ஃபீலர் கேஜும் பையில் இருந்தன, வேலைதான் இல்லை. "சும்மா உக்காந்திருக்கிறதுக்கு இங்கிட்டு வந்து சரக்கையாவது எண்ணு" என்றார் மாமா.

முதல் வாரமே கையில் வந்தது பன்னிரண்டு கத்தி அடங்கிய ஒரு பெட்டி. இறக்குமதிச் சரக்கு. எல்லாம் ஒரே மாடல், ஒரே விலை. மேசைமேல் வரிசையாக விரித்து வைத்தேன். பழக்கதோஷம், எண்ணுவதோடு நிறுத்த முடியவில்லை. இரண்டு கத்தியில் மடக்கும்போது அலகு நடுவில் உட்காராமல் ஒரு பக்கத் தகட்டை உரசியது. ஒன்று இரண்டு கையும் போட்டு இழுத்தால்தான் திறந்தது. இன்னொன்று லேசாக உதறினாலே தானாக வாயைத் திறந்தது. கூர் வைத்த பட்டை பலவற்றில் ஒரு பக்கம் அகலம், மறுபக்கம் ஒடுக்கம். இதையெல்லாம் விடப் பெரிய வித்தியாசம் பூட்டில் இருந்தது.

பூட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அந்தக் கத்திகளில் இருந்தது லைனர் லாக். 1980களின் தொடக்கத்தில் மைக்கேல் வாக்கர் என்ற அமெரிக்கக் கத்திக்காரர் இன்றைய வடிவத்துக்குக் கொண்டுவந்தது. பிடிக்குள் ஒரு மெல்லிய தகடு வில் மாதிரி வளைந்து நிற்கும். அலகை முழுதாக விரித்ததும் அந்தத் தகடு பக்கவாட்டில் நகர்ந்து, அலகின் அடிப்பகுதிக்குப் பின்னால் போய் முட்டுக் கொடுக்கும். முட்டுகிற முகம் நேராக இருக்காது. ஏழெட்டு டிகிரி சரிவாகச் சீவியிருப்பார்கள். கதவுக்கு அடியில் ஆப்பு செருகுகிற மாதிரிதான்.

அந்தச் சரிவில்தான் வம்பு. கணக்குப் போட்டுப் பார்த்தேன். சரிவு எட்டு டிகிரி என்றால், அலகின் அடி நீளத்தில் 0.05 மில்லிமீட்டர் கூடக்குறைய இருந்தாலே தகடு நிற்கும் இடம் பக்கவாட்டில் சுமார் 0.35 மில்லிமீட்டர் தள்ளிப் போகிறது. தகட்டின் மொத்தக் கனமே 1.2 மில்லிமீட்டர். தலைமுடி அளவு பிசகுக்கு, முட்டும் இடம் கால் பங்குக்கு மேல் நகர்ந்துவிடும். பிசகு வருவதும் ஒரே இடத்திலிருந்து இல்லை. திருகாணித் துளை, அலகு வந்து மோதி நிற்கும் ஊசி, இரண்டு வாஷர், தகட்டை வளைத்த விதம் என்று ஒவ்வொன்றுக்கும் அதனதன் டாலரன்ஸ், அதாவது இவ்வளவு கூடலாம் குறையலாம் என்ற அளவு, உண்டு. தனித்தனியாக அளந்தால் எல்லாம் பாஸ். ஒன்று கூடுதலாகவும் இன்னொன்று குறைவாகவும் இருந்தால் சரியாகிப் போகும். எல்லாமே ஒரே பக்கம் சாய்ந்தால் அந்தக் கத்தி கெட்டது. யார் தப்பும் இல்லாமலே கெட்டுப்போன சாமான்களை அம்பத்தூரிலும் நிறையப் பார்த்திருக்கிறேன்.

என் பன்னிரண்டில் இரண்டு கத்தியின் பூட்டு மறுபக்கத் தகட்டைத் தொடுகிற அளவுக்கு உள்ளே போயிருந்தது. அது இன்றைக்கு ஆபத்தில்லை. தேயத் தேய அலகு ஆடத் தொடங்கும், அவ்வளவுதான். ஒரு கத்தியில் பூட்டு ஓரத்தைத் தொட்டும் தொடாமலும் நின்றது. அதுதான் பயம். அதன் பிடிக்கு உள்பக்கம் மார்க்கரால் கறுப்பாக ஒரு புள்ளி வைத்துத் தனியே எடுத்து வைத்தேன்.

மொத்த வியாபாரியிடம் போனில் சொன்னேன். "எல்லாம் லிமிட்டுக்குள்ள தான் இருக்கும் தம்பி. இந்த வெலைக்கு வேற என்ன எதிர்பாக்குறீங்க" என்றார். லிமிட் எவ்வளவு என்று கேட்டேன். சிரித்தார்.

முதல் சில மாதம் எனக்கு மாமா மீது கோபம், வாங்குகிறவர்கள் மீது அதைவிடக் கோபம். அலகு ஓரத்தில் உரசுகிறது என்று காட்டினால், "அதுனால என்ன, வெட்டுதுல்ல?" என்பார்கள். அந்தக் குறை பெரும்பாலும் இரண்டு திருகை மாற்றி மாற்றி இறுக்கினால் சரியாகிவிடும் என்பது உண்மைதான். ஆனால் ஒழுங்கில்லாத ஒன்றைக் காசு கொடுத்து வாங்க இவர்களுக்கு எப்படி மனசு வருகிறது என்று தோன்றும்.

பாசி வளர்ப்பில் இருக்கும் ஒரு அக்கா வந்த நாளில்தான் என் அளவுகோல் கொஞ்சம் ஆட்டம் கண்டது. மூங்கில் மிதவையில் கப்பாஃபைகஸ் பாசி கட்டுகிறவர். காலையிலிருந்து இடுப்பளவு தண்ணீரில் நின்று விரல்கள் ஊறிச் சுருங்கியிருந்தன. நான் நல்லது என்று பொறுக்கி வைத்த நான்கு கத்தியில் ஒன்றைக்கூட அந்த விரலால் திறக்க முடியவில்லை, நகம் வழுக்கியது. ரிஜெக்ட் என்று ஒதுக்கி வைத்திருந்த, உதறினாலே திறக்கிற கத்தியை எடுத்தார். சட்டென்று திறந்தது. "இதக் குடு தம்பி."

"அக்கா, அது இடுப்புல செருகுனா தானா திறந்துக்கும்."

"இடுப்புல யாரு செருகுறா? மிதவையில கட்டித் தொங்க விட்டுருவேன்."

அலகு மூடியே இருக்கும்படி பிடித்து வைக்க, பூட்டுத் தகட்டில் கடுகைவிடச் சின்னதாக ஒரு குண்டு பதித்திருப்பார்கள். அலகில் அதற்கென ஒரு குழி. குழி ஆழம் குறைந்தால் கத்தி லூசு, கூடினால் முரடு. வரைபடத்துக்கு ஒரே ஆழம்தான் தெரியும். அந்த அக்காவுக்கும் வஞ்சிரம் பிடிக்கப் போகிறவருக்கும் ஒரே ஆழம் எப்படிச் சரிப்படும்?

கூர் விஷயமும் இப்படித்தான். மற்ற எல்லாவற்றையும் எந்திரம் செய்தாலும், கடைசியில் கூர் வைப்பது பல ஆலைகளில் இன்னும் ஆள்தான். ஓடுகிற பெல்ட்டில் கையால் பிடித்துத் தேய்ப்பது. காலை முதல் கத்திக்கும் சாயங்காலம் நூறாவது கத்திக்கும் ஒரே கோணம் வருமா? போதாததற்கு, காய்ந்த பெல்ட்டில் கொஞ்சம் அழுத்திவிட்டால் அந்த மெல்லிய ஓரம் சூடேறி, எஃகின் பதம் இறங்கிவிடும். "ரெண்டே நாள்ல மழுங்கிருச்சு" என்று திரும்பி வருகிற கத்திகளில் பாதி இந்த வகை. மாமா பணத்தைத் திருப்பித் தரமாட்டார். கல்லை எடுத்து மூன்று தடவை தீட்டிக் கொடுப்பார். பதம் இறங்கிய ஓரம் தேய்ந்து, உள்ளே இருக்கும் நல்ல எஃகு வந்ததும் கத்தி நிற்கும். அவருக்குக் காரணம் தெரியாது. "புதுக்கத்தி ஊருக்குப் பழகணும்டா" என்பார். காரணம் தெரிந்த நான், அதற்கு முன்பு ஒரு கத்தியையும் தீட்டிக் கொடுத்ததில்லை.

ஊரும் தன் பங்குக்கு வித்தியாசம் செய்கிறது. வெளிநாடு போய்வரும் கீழக்கரைச் சபுராளி ஒருவர் பிரான்சிலிருந்து இரண்டு ஒப்பினெல் கத்தி கொண்டுவந்து காட்டினார். ஜோசப் ஒப்பினெல் 1890இல் உருவாக்கிய கத்தி. மரப்பிடி, வளையத்தைத் திருகிப் பூட்டுவது. அந்த வளையம் 1955இல்தான் வந்தது. இரண்டும் ஒரே அளவு எண், ஒரே நாளில் வாங்கியவை. வாடைக்காற்று அடித்து வடகடல் குமுறுகிற மாதம். ஈரத்தில் மரம் ஊதி, ஒன்று திறக்கவே மாட்டேன் என்றது, மற்றது சொன்னபடி கேட்டது. ஒன்று அடுப்படியில் இருந்ததாம், ஒன்று வள்ளத்தில். அதற்கு ஆலையை என்ன சொல்ல?

துருவும் அப்படியே. சில்வர் கத்தி துருப்பிடிக்காது என்று நம்பி வாங்குகிறார்கள். அலகில் 13 சதவீதம் குரோமியம் இருக்கலாம். உப்பு முதலில் அலகைத் தேடிப் போவதில்லை. திருகாணியைச் சுற்றித் தேங்கி, வாஷருக்கு அடியில் உட்காரும். நல்ல தண்ணீரில் அலசி வையுங்கள் என்று சொல்லிப் பார்த்தேன். குடிதண்ணீரைக் குடம் கணக்கில் காசு கொடுத்து வாங்குகிற வீடுகளில் அந்தப் பேச்சு எடுபடவில்லை.

இப்படியெல்லாம் நான் இளகிக்கொண்டு வந்தது நல்லதுதான். எந்த இடத்தில் இளகக் கூடாது என்பது பிடிபடும் முன்பே ஜூன் வந்துவிட்டது.

விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம். அது முடிவதற்கு முந்தின நான்கைந்து நாளில் எங்கள் கடையில் நிற்க இடமிருக்காது. கயிறு, மிதவை, பெயிண்ட் எல்லாம் பறக்கும். தகரம் காலியானது. மேசை இழுப்பறையில் புள்ளி வைத்த கத்தி கிடந்தது. மாமா எடுத்துப் போட்டார் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். நானேதான் எடுத்துத் தகரத்தில் போட்டேன். அக்கா வாங்கிய லூசுக் கத்தி ஞாபகத்தில் இருந்தது. நாம்தான் சும்மா பயப்படுகிறோம் போல என்று நினைத்தேன்.

இரண்டு வாரம் கழித்து அதை வாங்கிய பையன் வந்தான். ஆள்காட்டி விரலில் கட்டு. படகின் விசிறியில் வலை சுற்றிக்கொண்டதாம். முங்கி, கத்தியின் நுனியைக் கயிற்றுக்குள் விட்டு நெம்பியிருக்கிறான். பூட்டு வழுக்கி அலகு மடங்கிவிட்டது. நாலு தையல். சண்டை போட வரவில்லை. "அண்ணே, மடங்கிருச்சு" என்று கத்தியை மேசையில் வைத்தான், அவ்வளவுதான்.

மாமா எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். உப்பிலும் அழியாமல் அந்தப் புள்ளி இருந்தது. "இது என்னடா?"

சொன்னேன். அவர் திட்டவில்லை. கல்லாவிலிருந்து பணம் எடுத்துப் பையன் கையில் திணித்தார். அன்று சாயங்காலம் வரை என்னோடு பேசவும் இல்லை. மொத்த வியாபாரிக்குப் போன் போட்டபோது, கத்தியால் நெம்பக் கூடாது என்று பெட்டியிலேயே போட்டிருக்கிறதே என்றார். போட்டிருந்தது உண்மை. இங்கிலீஷில், எறும்பு எழுத்தில்.

இப்போது பெட்டி வந்தால் மற்றதையெல்லாம் பிறகு பார்ப்பேன். முதலில் ஒவ்வொன்றையும் விரித்து, முதுகை மேசை விளிம்பில் வைத்து உடம்பு பாரத்தைக் கொடுத்து அழுத்துவேன். மடங்கினால், அங்கேயே திருகைக் கழற்றிப் பிரித்துவிடுவேன். உதிரிக்குத் திருகும் வாஷரும் உதவும். உரசுவது, முரடு, லூசு, கூர் கோணல் எல்லாம் தகரத்துக்குப் போகலாம், யாராவது ஒருவருடைய கைக்குப் பொருந்தும். பெட்டிக்கு ஒன்று இப்படி நஷ்டம். மாமா இதுவரை கேட்டதில்லை.

போன மாதம் அந்தப் பையன் தன் தம்பியைக் கூட்டிக்கொண்டு வந்தான். தகரத்தைக் கிளறி ஒரு கத்தியை எடுத்து, விரித்து, முதுகை என் மேசையில் மூன்று தடவை அழுத்தினான். பிறகு அதைத் தூக்கி, பிடியின் உள்பக்கத்தை வெயில் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தான். நான் கயிறு அளந்துகொண்டிருந்தேன். எத்தனை பாகம் அளந்தேன் என்பது மறந்துபோய், முதலிலிருந்து தொடங்கினேன்.