சணல்கயிற்று உடல்கள்

தில்லி ஜெய்ப்பூர் ஹவுஸில் இயங்கும் தேசிய நவீனக் கலைக்கூடத்தில் மிருணாளினி முகர்ஜியின் வாழ்நாள் சிற்பங்களைத் திரட்டிய கண்காட்சி 2015 ஜனவரி இறுதியில் தொடங்கியது. ஒரு வாரத்துக்குள், பிப்ரவரி 2 அன்று, அவர் காலமாகிவிட்டார். அதன் பிறகு வந்த பார்வையாளர்கள் துக்க வீட்டுக்கு வந்தவர்களைப் போலக் குரலைத் தாழ்த்திக்கொண்டு, ஒவ்வொரு சிற்பத்திலும் மரணத்தையே தேடினார்கள். அந்தத் தேடல் அவருடைய சணல் சிற்பங்களுக்குப் பொருந்தாது என்பதே என் எண்ணம்.

சாயம் ஏற்றிய சணல்கயிற்றைத் தறியில்லாமல், முன்வரைவும் இல்லாமல், கையாலேயே முடிச்சு முடிச்சாகப் போட்டு, உலோகச் சட்டத்தின் தாங்கலில் பேருருவமாக எழுப்பியவர் அவர். பரோடாவில் அவருக்கு ஆசிரியராக இருந்தவர் கே.ஜி. சுப்பிரமணியன், கேரளத்தில் பிறந்த தமிழ்க் குடும்பத்துக்காரர், கைத்தறி வாரியத்தில் பணியாற்றியவர். கைவினைக்கும் கலைக்கும் நடுவே வேலி கட்டாத அந்தப் பள்ளியிலிருந்து வந்ததால்தான், கயிறு என்றால் கூடை முடையத்தான் என்ற இளக்காரத்தை முகர்ஜியால் பொருட்படுத்தாமல் இருக்க முடிந்தது போலும்.

1984இல் செய்த ‘யட்சி’யின் அருகே போய்ப் பார்த்தால், நெருக்கி இறுக்கிய முடிச்சுகள் வரிசை வரிசையாக இறங்கி, ஓரிடத்தில் தளர்ந்து மடிப்பாக விழுவதும், அந்த மடிப்பு தோலா, துணியா, பூவின் மடலா என்று பிரித்துச் சொல்ல முடியாமல் நிற்பதும் தெரியும். என்னுடன் வந்திருந்த அலுவலகத் தோழி திருநெல்வேலிப் பக்கத்துக்காரர்.

“இது சாமியா, பேயா, சொல்லுங்க சார்?” என்று கேட்டார்.

“உங்க ஊர் இசக்கியம்மன் எதுங்க?” என்றேன்.

“ரெண்டுந்தான்” என்று சிரித்தார். கும்பிடவும் அஞ்சவும் வைக்கிற, காமமும் கனமும் சேர்ந்த அந்த உடலில் இரங்கல் எதுவும் இல்லை.

இழப்பைப் பார்க்க வேண்டுமானால் அவருடைய கடைசிக் கால வெண்கலங்களிடம் போக வேண்டும். 1990களின் நடுவில் சுடுமண்ணுக்கும், பின்னர் வெண்கலத்துக்கும் மாறிய அவர், மெழுகு வார்ப்பு முறையைக் கையாண்டார். அடிப்படையில் இது சுவாமிமலை ஸ்தபதிகளின் முறைதான்: குங்கிலியம் கலந்த மெழுகில் உருவம் செய்து, அதன் மேல் வண்டல் மண்ணைப் பூசி, காய்ந்ததும் சூடேற்றினால் மெழுகு உருகி ஓடிவிடும், அது விட்டுச் சென்ற வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றி, ஆறியபின் மண்ணை உடைத்தெடுப்பார்கள். கை தொட்டுச் செய்த உருவம் அழிந்த பிறகே சிலை பிறக்கிறது. முகர்ஜியின் வெண்கலங்களில் பாளையும் மட்டையும் காய்ந்த இலையும் போன்ற வடிவங்கள் ஒன்றன்மேல் ஒன்று சரிந்து கிடக்கின்றன. முழு உடல் என்று எதுவும் இல்லை. எலும்பா, காம்பா என்று தெரியாத துண்டுகளே மிஞ்சியிருக்கின்றன. சணல் சிற்பங்களைக் கொண்டாடியவர்கள் பலர் இவற்றை விரைவாகக் கடந்து சென்றார்கள். எனக்கென்னவோ இவைதான் கூடுதல் துணிச்சலான வேலைகளாகத் தோன்றின.

2019இல் நியூயார்க்கின் மெட் புரூயர் அருங்காட்சியகத்திலும் அவருக்குப் பெரிய கண்காட்சி நடந்தது. அதன் படங்களைத்தான் பார்த்தேன். படத்தில் நிறம் நன்றாக வருகிறது. ஆனால் நம்மைவிட உயர்ந்து, நம் மேல் சாய்வதுபோல நிற்கும் அந்தக் கயிற்றின் பாரம் வரவில்லை.